கூரை இல்லாத கனாத்து

கச்சேரி ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் கலீமுல்லாவின் வீடு இருந்தது. வீட்டின் முன்பக்கம் கடை. கல்யாணங்களுக்கு ஷாமியானாவும் கனாத்தும் வாடகைக்கு விடுவது அவனுடைய தொழில். ஷாமியானா என்பது தலைக்கு மேலே இழுத்துக் கட்டும் துணிக்கூரை. கனாத்து பக்கங்களில் நிற்கும் துணிச்சுவர். கெட்டித் துணியில் இடைவெளி விட்டு மூங்கில் செருகித் தைத்திருப்பார்கள். மாட வீதிக் கல்யாணங்களில் சமையல் நடக்கும் இடத்தை மறைக்க அந்தக் கனாத்துதான் போகும். திருவல்லிக்கேணி நிக்காஹ் வீடுகளில் பெண்கள் உட்காரும் பக்கத்தை மறைக்கவும் அதுவேதான் போகும். "நம்ம துணிக்கு ஜாதி மதம் கெடையாது, கறைதான் உண்டு" என்பான் கலீமுல்லா.

1934ஆம் வருஷம், ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில், அவன் மனைவி வஜீஹா மாடிப்படியின் நடுவில் உட்கார்ந்துவிட்டாள். மேலே துணி அடுக்கும் அறைக்குப் போகக் கிளம்பியவள். தடுக்கி விழவில்லை. அடுத்த படிக்குக் கால் எழும்பவில்லை, அவ்வளவுதான். இரண்டு கைகளாலும் தொடையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். பிறகு சுவரில் சாய்ந்துகொண்டாள்.

மாமியார் ஹாஜிரா பீ கீழேயிருந்து பார்த்தாள்.

"இன்னாடி, நடுப்படில ராணி மாதிரி குந்திக்கினு கீறே?"

"காலு வரலே அம்மீ."

"வராம எங்க பூடும்? ஒன்னோட காலுதானே அது!"

ஆனால் சொல்லிக்கொண்டே ஏறிவந்து, மருமகளின் அக்குளில் கைகொடுத்து இறக்கினாள். அவளுக்கும் உள்ளூரக் கவலைதான். சில மாதங்களாகவே வஜீஹா வாத்துப்போல இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து நடந்தாள். இராத்திரி புரண்டு படுக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினாள். மூத்தவள் ஜஹீதா இப்போதுதான் தாய்ப்பால் மறந்திருந்தாள். அதற்குள் அடுத்தது வயிற்றில்.

வஜீஹா ஆம்பூர்ப் பெண். பிறந்த வீட்டில் நடுவே பெரிய முற்றம் உண்டு. நான்கு புறமும் சுவர் இருந்ததால், வெளி ஆண்கள் கண்ணில் படாத கோஷாவுக்குக் குறைவில்லாமல் பெண்கள் அங்கே நாள் முழுவதும் வளையவருவார்கள். மயிலாப்பூர்ச் சந்தில் அப்படி இடம் ஏது? முற்றம் என்று இருந்த கையகல இடத்துக்கும் கிணற்றடிக்கும் கலீமுல்லாவின் தகப்பனார் எந்தக் காலத்திலோ தகரம் போட்டுவிட்டார். மொட்டைமாடிக்கு நேர் எதிரே அடுத்த வீட்டு மாடி அறையின் ஜன்னல். ஆகையால் பெண்கள் மொட்டைமாடிக்குப் போவதில்லை. வெளியே போனால் புர்கா, திரை கட்டிய ஜட்கா. கல்யாணமாகி வந்த நாலு வருஷமும் வஜீஹாவுக்கு இப்படித்தான் போயிற்று. அதை ஒரு குறையாக அவளும் நினைக்கவில்லை, அந்த வீட்டில் வேறு யாரும் நினைக்கவில்லை.

லஸ் பக்கத்தில் புதிதாக வைத்தியம் ஆரம்பித்திருந்த விஜயலக்ஷ்மி ரிக்ஷாவில் வந்தாள். இளம் டாக்டர். வஜீஹாவின் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பைக் கட்டைவிரலால் அழுத்தினாள். வஜீஹா கத்திவிட்டாள். விலாவை அழுத்தினாள், அதற்கும் கத்தினாள். இடுப்பெலும்பை வெகுநேரம் அளந்து பார்த்தாள். பிறகு கை கழுவிவிட்டுக் கூடத்துக்கு வந்து கலீமுல்லாவிடம் பேசினாள்.

"உங்க சம்சாரத்துக்கு எலும்பு இளகறது."

"எலும்பு இளகுமா? இன்னா டாக்டரம்மா, அது வெண்ணெயா?"

"எலும்பை எலும்பாக்கறது சுண்ணாம்புச் சத்து. வயித்துல இருக்கற குழந்தைக்கும் எலும்பு கட்டணுமே. அது கேட்டுண்டு எடுக்காது. தாயார் எலும்புலேருந்து எடுத்துக்கும். முதல் குழந்தைக்கு ரெண்டு வருஷம் பால் குடுத்ததுல கொஞ்சம் போயிருக்கு. இப்போ மிச்சமும் போயிண்டிருக்கு."

"போனா?"

விஜயலக்ஷ்மி உள்ளறைப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டாள். ஆனால் அந்த வீட்டில் எந்தக் குரலும் எந்தச் சுவரையும் தாண்டும்.

"இடுப்பெலும்பு உள்பக்கமா அமுங்க ஆரம்பிச்சிருக்கு. இன்னும் அமுங்கினா குழந்தை வெளியே வர வழி இருக்காது. ஆஸ்பத்திரியில வயித்தைக் கீறித்தான் எடுக்கணும். அப்படிக் கீறி ரெண்டு உயிரும் தங்கறது நம்ம அதிர்ஷ்டம். நான் பொய் சொல்லப் போறதில்லை. சித்திரையில பிரசவம், அதுக்குள்ள எலும்பு இறுகணும்."

ஹாஜிரா பீ குறுக்கிட்டாள். "சுண்ணாம்புதானே வோணும்? வெத்தலைக்கு ஜாஸ்தி தடவித் தந்துட்டாப் போச்சு."

"வாய் வெந்துபோகும் பாட்டி. நான் பொடி தரேன்."

கைப்பெட்டியிலிருந்து ஒரு வெள்ளைப் பொடிப் பொட்டலம் வந்தது. கூடவே ஒரு பழுப்பு நிறப் பாட்டில். "பொடியைப் பால்ல கலந்து குடுங்கோ. இந்த எண்ணெய், காலையிலயும் சாயங்காலமும் ஒரு ஸ்பூன். வாசனையைப் பார்த்து விட்டுடாதீங்கோ. மீன் எண்ணெய், அப்படித்தான் இருக்கும். ஒருநாள்கூடத் தவறக் கூடாது."

ஹாஜிரா பீ தவறவிடவில்லை.

அடுத்த இரண்டு மாதமும் அவள் மருமகளுக்குச் செய்த சேவையைச் சொந்த மகளுக்குக்கூட ஒருத்தி செய்திருக்கமாட்டாள். காலையில் பாலில் பொடி. அது முடிந்ததும் வஜீஹாவைக் குப்புறப் படுக்கவைத்து, எண்ணெயை ஸ்பூனில் அளந்து, இடுப்பிலும் முதுகிலும் சூடு பறக்கத் தேய்ப்பாள். சாயங்காலம் மறுபடி. வலிக்கு எண்ணெய் என்றால் தேய்ப்பது. அதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எண்ணெய் இடுப்பில் பளபளத்தது, வீடு நாறியது. சந்துப் பூனைகளெல்லாம் வாசலில் வந்து உட்கார்ந்தன.

பந்தல் போடும் தணிகாசலம் கடைக்குள் தலையை நீட்டிவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டான். "இன்னா நைனா, ஷாமியானாவை வித்துட்டுக் கருவாடு யாவாரத்துல எறங்கிட்டியா?"

"சம்சாரத்துக்கு மருந்துப்பா."

"மருந்தா? தெருமுனைல கீற நாய்க்கே பசி வந்துடுச்சு."

அடுத்த வீட்டு அபயாம்பாளின் பாடு இன்னும் மோசம். கிணற்றடிச் சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே இரண்டு முகம் பார்த்துப் பேசும் அளவுக்கு இடைவெளி இருந்தது. அந்த இடைவெளி வழியாகத்தான் அவளும் வஜீஹாவும் நாலு வருஷமாகச் சிநேகம்.

"ஏண்டி பொண்ணே, எங்காத்துல ரசம் வெச்சாக்கூட மீன் வாசனை அடிக்கறதுடி. அவர் ரெண்டு நாளா மோர் சாதத்தோட எழுந்துண்டுடறார்."

"மன்னிச்சுக்குங்க மாமி. நானே மூச்சை அடக்கிக்கினுதான் படுத்துக்கினு இருக்கேன்."

"போறது போ. வலி குறைஞ்சிருக்கோ?"

வஜீஹாவுக்கு வலி குறையவில்லை. கிணற்றுக் கயிறு இழுப்பதையும் விட்டாயிற்று. இராத்திரிகளில் அவள் விழித்துக்கொண்டு வயிற்றில் கைவைத்துப் படுத்திருப்பாள். டாக்டர் கூடத்தில் தணித்துப் பேசியதை ஒரு சொல் விடாமல் கேட்டிருந்தாள். கீறி எடுப்பது என்ற அந்த ஒரு வார்த்தை அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. யாரிடமும் அதைப்பற்றிப் பேசவில்லை. ஜஹீதாவுக்குத் தலை வாரும்போது மட்டும், வேறு யார் பின்னிவிட்டால் இந்தப் பிள்ளை அடங்கி நிற்கும் என்று யோசித்துப் பார்ப்பாள்.

நோன்பு மாதத்தின் நடுவில் விஜயலக்ஷ்மி மறுபடி வந்தாள். வஜீஹாவை நடக்கச் சொன்னாள். பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"பொடி சாப்பிடறியோ?"

"சாப்பிடறேன்."

"பால்?"

"பாலும்."

டாக்டர் நெற்றியைத் தடவிக்கொண்டு யோசித்தாள். பொடியில் சுண்ணாம்பும் இருந்தது, அதோடு சேர்ந்து எலும்பு கட்டும் பாஸ்பரமும் இருந்தது. அளவும் சரி. பின் ஏன் ஒன்றும் ஒட்டவில்லை? யோசித்துக்கொண்டே வஜீஹாவின் முதுகை அழுத்திப் பார்க்கக் குனிந்தாள். கை வழுக்கியது. விரலை முகர்ந்து பார்த்தாள்.

"இது என்ன?"

"நீங்க குடுத்ததுதான்" என்றாள் ஹாஜிரா பீ பெருமையாக. "ரெண்டு வேளையும் ஒரு ஸ்பூனு. என் கையாலயே தேய்க்கிறேன். ஒரு சொட்டு வீணாப் போவலே."

விஜயலக்ஷ்மி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"பாட்டி, அது குடிக்கற எண்ணெய்."

"எண்ணெயை யாராச்சும் குடிப்பாங்களா? நீ குடிக்கணும்னு சொல்லவேயில்லையே!"

டாக்டர் நினைத்துப் பார்த்தாள். உண்மைதான், அவள் சொல்லவில்லை. ஸ்பூன் என்றால் வாய் என்று அவள் நினைத்தாள். எண்ணெய் என்றால் உடம்பு என்று இவர்கள் நினைத்தார்கள். இரண்டு பேர் பேரிலும் தப்பு சொல்ல முடியாது. ஆனால் இரண்டு மாதம் போய்விட்டது.

கலீமுல்லா கூடத்தில் நின்றபடியே கேட்டான். "எண்ணெய் போனாப் போவுது, பொடி ஒழுங்காத்தானே உள்ள போச்சு? அது இன்னா ஆச்சு?"

"எப்படிச் சொல்றது... உங்க வாசல்ல மூட்டை வந்து இறங்கியிருக்கு. உள்ளே தூக்கிண்டு போக ஆள் வேண்டாமா? ஆள் இல்லேன்னா மூட்டை வாசல்லயே கிடக்கும், அப்புறம் வந்த வழியே போயிடும். சுண்ணாம்பு அந்த மூட்டை. வைட்டமின்னு ஒண்ணு, அதுதான் ஆள். அது குடல்லேருந்து சுண்ணாம்பை ரத்தத்துல தூக்கிவிடும். அந்த ஆள் எண்ணெய்ல இருந்தான்."

கலீமுல்லா இதைச் சிறிது நேரம் மனத்தில் புரட்டிப் பார்த்தான். "அப்போ இத்தினி நாளா ஆளைத் தெருவுல நிக்கவெச்சு முதுகு தேச்சுவிட்டுக்கினு இருந்தோம்."

உள்ளேயிருந்து வஜீஹா சிரிக்கும் சத்தம் கேட்டது. வெகுநாளைக்குப் பிறகு சிரித்தாள். சிரித்ததில் விலா வலித்து, உடனே நிறுத்திக்கொண்டாள்.

அன்றைக்கே எண்ணெயை வாயில் ஊற்றினார்கள். அன்றைக்கே வெளியே வந்தது. மறுநாள் பாலோடு கொடுத்தார்கள். பாலும் சேர்ந்து வந்தது. வெல்லத்தோடு, இஞ்சியோடு, ஆரஞ்சுச் சாற்றோடு எல்லாம் பார்த்தாயிற்று. வாந்தியில் பொடியும் தங்கவில்லை. வஜீஹா கண்ணில் நீர் வழிய, "குடுங்க, திரும்பக் குடிக்கிறேன்" என்று கை நீட்டுவாள். மூன்றாம் நாள் ஹாஜிரா பீ பாட்டிலைக் கொண்டுபோய் அலமாரியின் பின்னால் வைத்துவிட்டாள். "எலும்பு எறுகுறதுக்குள்ளாற குடலே வெளியே வந்துடும்" என்றாள்.

ஆள் அனுப்பி விஜயலக்ஷ்மியைக் கேட்டதில், அவள் வேறொரு வழி சொன்னாள். அதே வைட்டமினை உடம்பு தானாகவே செய்துகொள்ளும், வெயில் பட்டால். தோலில் நேராகப் பட வேண்டும், கையிலும் காலிலும் முதுகிலும். காலை இளவெயில் பிரயோஜனம் இல்லை. பத்து மணிக்கு மேல் அடிக்கிற வெயில். தினமும் அரைமணி.

"மருந்து வாங்க எங்கியும் போவ வோணாம்" என்றான் கலீமுல்லா. அவன் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. கனாத்து அவன் தொழிலாயிற்றே! மார்கழி மாதம், நோன்பும் சேர்ந்துகொண்டது. எந்தச் சமூகத்திலும் கல்யாணம் கிடையாது. துணியெல்லாம் சும்மாதான் கிடந்தது. தணிகாசலத்தைக் கூப்பிட்டு, மொட்டைமாடியில் நான்கு புறமும் இருக்கிறதிலேயே நல்ல கனாத்தாகப் பார்த்து நிறுத்தினான். மூலைகளை இழுத்துக் கட்டினான். மேலே சிவப்பும் வெள்ளையும் பட்டை போட்ட ஷாமியானாவை விரித்து, ஓரத்தில் ஜாலர்கூடத் தொங்கவிட்டான். உள்ளே ஜமக்காளம், திண்டு, கூஜாவில் தண்ணீர்.

தணிகாசலம் இடுப்பில் கைவைத்துப் பார்த்தான். "நைனா, மாப்பிள்ளை மட்டும்தான் பாக்கி."

வஜீஹாவைக் கையில் ஏந்தி மேலே கொண்டுபோனான் கலீமுல்லா. தினமும் அரைமணி அல்ல, ஒரு மணிநேரம் அங்கே படுத்திருந்தாள். பெருநாள் போயிற்று. பொங்கலும் வந்தது. இடுப்பு வலி அப்படியே இருந்தது.

விஜயலக்ஷ்மி வந்து மாடியேறிப் பார்த்தாள். கனாத்தை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். நிமிர்ந்தாள். சிவப்பும் வெள்ளையுமாகக் கூரை, அதன் கீழே இதமான நிழல்.

"இதுக்கு மேல சூரியன் எங்கே?" என்று கேட்டாள்.

கலீமுல்லா படிக்கட்டில் நின்று பதில் சொன்னான். "மேலே துணி போடாம எப்படீங்க? அந்த ஜன்னல்லேருந்து பாத்தா உள்ள தெரியும்."

ஜன்னல் வேதாந்தத்தினுடையது. அபயாம்பாளின் கணவர். கஜானா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலைச் சாப்பாடு ஆனதும் அந்த ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து, இங்கிலீஷ் பேப்பரை முதல் எழுத்திலிருந்து ஏல விளம்பரம் வரை படிப்பார். பன்னிரண்டு மணி வரை எழுந்திருக்கமாட்டார்.

"கெட்டித் துணியை ஊடுருவிண்டு அந்த வெயில் வராது. கண்ணாடிக்குள்ளேகூட வராது" என்றாள் டாக்டர். "கூரையை எடுக்கணும்."

"கூரையை எடுத்தா கோஷா போயிடும்."

"எடுக்கலேன்னா..." என்று தொடங்கியவள், வஜீஹா பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு நிறுத்திக்கொண்டாள். சித்திரைக்கு இன்னும் மூன்று மாதம்தான் இருந்தது.

அவள் போனபிறகு கலீமுல்லா கூரையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். ஆயிரம் முடிச்சு அவிழ்த்த கை. அன்றைக்கு ஒரு முடிச்சு அவிழவில்லை. ஊரார் வீட்டுப் பெண்களையெல்லாம் யார் கண்ணும் படாமல் மறைத்துக் கொடுத்துப் பெயர் வாங்கினவன். தன் வீட்டுக் கூரையைத் தானே பிரிக்க வேண்டியிருந்தது.

"ஏங்க" என்றாள் வஜீஹா திண்டில் சாய்ந்தபடி. "நீங்க யோசிச்சுக்கினே இருங்க. நான் மாமிகிட்ட பேசிட்டு வரேன்."

"இன்னான்னு பேசுவே?"

"வாய் இருக்குதே, அது எலும்பில்லையே."

கிணற்றடிக்கு அவள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போனாள். இடைவெளியில் முகம் வைத்து அபயாம்பாளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கீறி எடுப்பதைப்பற்றியும் சொன்னாள். யாரிடமும் சொல்லாததை அந்தத் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே சொல்லிவிட்டாள். அபயாம்பாள் கேட்டுக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் கோபம் வந்தது.

"இதுக்கா இத்தனை நாள்? அசடே! அவருக்குப் பேப்பர்ல இருக்கற கொட்டை எழுத்தே தெரியறதில்லை. பூதக்கண்ணாடி வெச்சுண்டு படிக்கறார். உங்க மாடில யானை நின்னாக்கூடத் தெரியாதுடி."

"தெரிஞ்சாலும் தெரியலேன்னாலும் ஜன்னல் ஜன்னல்தானே மாமி."

"அதுவும் சரிதான். இரு."

அன்று மத்தியானம் அடுத்த வீட்டில் நடந்த பேச்சு சந்து முழுவதும் கேட்டது.

"நாளைலேருந்து கீழ உக்காந்துண்டு படியுங்கோ."

"கீழ வெளிச்சம் ஏது? எனக்கு அந்த ஜன்னல்தான் சரி."

"அந்தப் பொண்ணு வெயில்ல படுத்துக்கணுமாம். நீங்க அங்க உக்காந்திருந்தா முடியாதாம்."

"நான் பாக்கறேன்னா சொல்றா? நான் தலை நிமிர்ந்ததே கிடையாதே!"

"பாக்கறேள்னு யாரும் சொல்லலை. உங்களுக்குத் தெரியாதுன்னு நான்தான் சொன்னேன்."

"அப்படீன்னா என்னைக் குருடன்ங்கறியா?"

"பாக்கறவர்னாலும் எழுந்திருக்கணும், குருடர்னாலும் எழுந்திருக்கணும். எதுன்னு நீங்களே தீர்மானம் பண்ணிக்கோங்கோ."

பிறகு நாற்காலி இழுபடும் ஓசை, மாடிப்படியில் தடதடவென்று. அதன்பின் ஜன்னல் கதவு சாத்தும் ஓசை. தாழ்ப்பாள் இறுகிப் போயிருக்க வேண்டும். யாரோ அதை உலக்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்கள்.

சாயங்காலம் வேதாந்தம் வாசலில் கலீமுல்லாவைப் பார்த்தார். கம்பீரமாக நின்றுகொண்டு, "அந்த ஜன்னல்ல காத்து ஜாஸ்தி. எனக்கு ஜலதோஷம் பிடிக்கறது. அதான் சாத்திப்பிட்டேன்" என்றார்.

"சரிங்க மாமா" என்றான் கலீமுல்லா.

மறுநாள் காலை அவன் கூரையைப் பிரித்தான். தணிகாசலத்தைக் கூப்பிடவில்லை, ஒவ்வொரு மூலையாக அவனே அவிழ்த்தான். ஷாமியானா சரிந்து விழுந்ததும் ஜமக்காளத்தின் மேல் வெயில் வந்து விழுந்தது. வஜீஹாவுக்குக் கண் கூசியது. அவன் படிக்கட்டுக்கு இறங்கிக் காவலாக உட்கார்ந்துகொண்டான். உள்ளே வளையல் கழற்றும் சத்தம், துணி களையும் சத்தம். பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

"வஜீஹா, நல்லாக்கீறியா?"

"சுடுது."

"எறங்கிடலாமா?"

"வோணாம். நல்லாச் சுடுது." சற்றுப் பொறுத்து, "ஊரானுக்குத்தானே கோஷா? நீங்க ஏன் அங்க குந்திக்கினு இருக்கீங்க?" என்றாள்.

அவன் கனாத்தை ஒரு விரலால் விலக்கி உள்ளே வந்தான். நாலு வருஷமாக அவளைத் தகரத்தடி இருட்டிலும் அரிக்கேன் வெளிச்சத்திலும்தான் பார்த்திருக்கிறான். அவளுடைய விழி கறுப்பு என்று நினைத்திருந்தான். இல்லை, தேன் நிறம். அதை அவளிடம் சொல்லலாமா என்று யோசித்தான். சொல்லக் கூச்சமாக இருந்தது. "தண்ணி வோணுமா?" என்று கேட்டான். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில், அவன் சொல்லாதது அவளுக்கு எட்டிவிட்டது என்று தெரிந்தது.

தை பிறந்து கல்யாணங்கள் தொடங்கின. மாம்பலத்தில் ஒரு பெரிய வீட்டுக்கு நல்ல கனாத்து வேண்டுமென்று ஆள்மேல் ஆள் வந்தார்கள். கலீமுல்லா இரண்டாந்தரத் துணியைத்தான் கொடுத்தனுப்பினான். "நல்லது வேறொரு விசேஷத்துக்குப் போயிருக்கு" என்று சொல்லிவிட்டான்.

வெயில் உடனே ஒன்றும் செய்துவிடவில்லை. தை முழுவதும் போயிற்று. வஜீஹாவின் கைகள் கறுத்தன. "மருமவளைச் செவப்பா எடுத்தேன், இப்போ பாரு" என்று ஹாஜிரா பீ முனகிக்கொண்டே பாலில் பொடியைக் கலக்கினாள். வெயிலில்லாத நாள் பொடி வீண், பொடியில்லாத நாள் வெயில் வீண் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். அதிலிருந்து கிழவி பாலை மாடிக்கே எடுத்துப்போய், வெயிலில் வைத்தே குடிக்கவைத்தாள். இரண்டையும் ஒரே சமயத்தில் கொடுத்தால்தான் அவற்றுக்கு ஒன்றையொன்று அடையாளம் தெரியும் என்பது அவள் எண்ணம்.

மாசியில் ஒருநாள் காலை, இரவு முழுவதும் முனகாமல் தூங்கியது வஜீஹாவுக்கே நினைவு வந்தது. பங்குனியில் சுவரைப் பிடிக்காமல் கிணற்றடிக்குப் போனாள். படி ஏறுவதற்கு மட்டும் இன்னும் ஒரு கை வேண்டியிருந்தது. விஜயலக்ஷ்மி முன்னெலும்பை அழுத்தினாள், வஜீஹா கத்தவில்லை. இடுப்பை அளந்தாள்.

"அமுங்கினது அமுங்கினதுதான், திரும்பாது" என்றாள் டாக்டர். "ஆனா அதுக்கு மேல அமுங்கலை. இறுகியிருக்கு. வழி குறுகல்தான். பார்க்கலாம். தலையைப் பிடிச்சு இழுக்க ஆயுதம் போட வேண்டி வரலாம். கீற வேண்டி வராதுன்னு நினைக்கறேன்."

"நினைக்கறீங்களா, தெரியுமா?" என்று கேட்டாள் வஜீஹா.

"நினைக்கறேன்."

சித்திரை பாதியில், ஒரு வெள்ளிக்கிழமை விடிந்ததும் வலி எடுத்தது. ஜும்ஆவுக்குப் பாங்கு சொன்ன பிறகும் ஓயவில்லை. கலீமுல்லா தொழப் போனான்; என்ன ஓதினான் என்பது அவனுக்கு நினைவில்லை. திரும்பி வந்தபோது வாசலில் வேதாந்தம் நின்றுகொண்டிருந்தார், கையில் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்தபடி. உள்ளே விஜயலக்ஷ்மி ஆயுதம் போட்டாள். வஜீஹாவின் அலறல் ஒன்று நீளமாகக் கேட்டது. அதற்குப் பின் சிறிய குரல் ஒன்று, கோபமாக.

ஆண் குழந்தை. நெற்றியின் இரு பக்கமும் ஆயுதம் பதிந்த சிவப்புத் தடம். தாயும் பிழைத்தாள். ரத்தம் போய் வெளுத்திருந்தாள். ஆனால் கண் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

விஜயலக்ஷ்மி கை கழுவும்போது அவள் கேட்டாள். "பாலு குடுக்கலாமா டாக்டரம்மா?"

"குடுக்கணும்."

"என் எலும்புலேருந்துதானே போவும்?"

"ஆமாம். அதனால பொடியை நிறுத்தக் கூடாது. வெயிலையும்."

ஹாஜிரா பீ குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது. பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள் சில்லா. அதுவரை அவள் அறையைவிட்டு வெளியே வரக்கூடாது. காற்றுப் படக்கூடாது, வாசற்படி தாண்டக்கூடாது. ஹாஜிரா பீயின் மாமியார் அப்படி இருந்தாள். அவளும் தன் பிரசவங்களுக்கெல்லாம் அப்படித்தான் இருந்தாள். இந்த வீட்டில் அதை யாரும் மீறியதில்லை.

உள்ளே வந்திருந்த கலீமுல்லா தன் தாயின் முகத்தைப் பார்த்தான். வஜீஹாவும் பார்த்தாள்.

கிழவி குழந்தையைத் தாயின் பக்கத்தில் கிடத்தினாள். போர்வையை இழுத்துவிட்டாள். பிறகு மகனைப் பார்த்து அதட்டினாள்.

"இன்னாடா முழிச்சிக்கினு நிக்கிறே? மேல நாலு பக்கமும் செவுரு கீதில்லே? உள்ள நொழைய ஒரு வழி கீதில்லே? அப்போ அதுவும் ரூமுதானே! கூடத்துல கீற கட்டிலைத் தூக்கிக்கினு போய் அங்க போடு. நாப்பது நாளும் என் மருமவ அங்கதான் இருப்பா. அரைமணி வெயிலு ஆனதும் மேல துணியைக் கட்டிடு, சூடும் பனியும் ஆவாது புள்ளைக்கு."

கலீமுல்லா கூடத்துக்கு வந்து காலிக் கட்டிலின் ஒரு முனையைத் தூக்கினான். மறு முனைக்கு ஆள் வேண்டியிருந்தது. வாசலில் நின்ற வேதாந்தம் பேப்பரை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, "நான் பிடிக்கறேன், இரு" என்று வந்தார்.